கல்நெஞ்சனுக்குச் சத்தம் எழுதியவள்

பலூன் அக்கா என்றதும் பூங்கா வாசலில் ஊதி விற்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். படக்கதைகளில் ஆட்களின் வாயருகே குமிழ் குமிழாகக் கிளம்பி நிற்குமே, அந்தப் பலூன்களுக்குள் பேச்சை நிரப்புவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பதிப்பகம், ஒரே ஜன்னலோர மேஜை, முதுகுக்கு ஒரே பழைய தலையணை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்பார்களே, அந்த ரகம். பேருந்தில் தன் காலை மிதித்தவனிடமே "ஸாரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்குவாள். அப்படிப்பட்டவள் கையில்தான் போய்ச் சேர்ந்தான் கல்நெஞ்சன்.

கல்நெஞ்சன் ஜப்பானிலிருந்து வந்த சண்டைக் கதை. மங்கா என்பார்கள். நிலத்துக்கு அடியில் ஒரு கூண்டு. அதற்குள் இரண்டு பேர் போவார்கள், ஒருவன் நடந்து வெளியே வருவான். எப்போதும் நடந்து வருகிறவன் நம் ஆள்தான். எதிராளி தரையைத் தட்டி "போதும்" என்று கெஞ்சினாலும் விடமாட்டான். பிடித்த கையை அது மடங்கக் கூடாத பக்கம் மடக்கி, காரியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். முகத்தில் கோபம்கூட இருக்காது. முப்பத்தொரு பாகத்தில் அவன் பேசியது மொத்தம் ஒன்பது வார்த்தை. "பேசாத ஆம்பிளை. எனக்கு வேலையே வைக்கிறதில்ல. இவனை மாதிரி ஒருத்தன் கிடைச்சிருந்தா நானும் கட்டிக்கிட்டிருப்பேன்" என்று அக்கா சிரிப்பாள்.

மற்றவர்கள் அவனுக்கும் சேர்த்துப் பேசித் தீர்ப்பார்கள். அங்கேதான் அக்காவின் பிராணன் போகும். ஜப்பான்காரர்கள் மேலிருந்து கீழே எழுதுகிறவர்கள், அதனால் அவர்கள் பலூன் ஒல்லியாக நெட்டுக்குத்தலாக நிற்கும். நம் சொல்லோ பாய் விரித்துப் படுக்கிற ரகம். "மன்னித்துவிடுங்கள்" என்ற ஒரே ஒரு சொல்லை அந்த ஒல்லிப் பலூனுக்குள் அடைத்துப் பாருங்கள், தெரியும்.

"சார், இந்தாளு சாகப்போற நேரத்துல இவ்வளவு நீளமா மன்னிப்புக் கேட்டா எப்படி? 'விடு'ன்னு போட்டுடட்டுமா?" என்று ஆசிரியரைக் கேட்பாள்.

ஆசிரியர்தான் மொழிபெயர்ப்பாளரும். முகம் மழிக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் நாற்காலியைத் தேடுகிற மனிதர். படத்தை ஒரு காகிதத்தால் மூடி வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் மொழிபெயர்ப்பார். "போடுங்கம்மா, எதையாவது போடுங்க. பலூன் காலியா மட்டும் அச்சுக்குப் போகக் கூடாது" என்பார். அந்த மேஜைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். வருஷக்கணக்கில் அப்படியே பழகி, காலிப் பலூனைக் கண்டால் அவளுக்கு விரல் அரிக்கும்.

பேச்செல்லாம் எப்போதோ கணினிக்குப் போய்விட்டது. சத்தம் மட்டும் இன்னும் அவள் கை. படத்தோடு படமாக ஜப்பான் எழுத்தில் வரைந்திருக்கும் சத்தத்தை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, அதன் மேல் நம் எழுத்தில் தூரிகையால் எழுத வேண்டும். படார், மடக், நறுக், சளக். விலா எலும்புக்கு ஒன்று, மூக்கு எலும்புக்கு ஒன்று. அந்த ஓவியர் பொல்லாத மனுஷன். ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் எலும்புக் குறிப்பு என்று நாலு பக்கம் எக்ஸ்ரே மாதிரியே வரைந்து, எந்த அடிக்கு எந்த எலும்பு எந்த இடத்தில் போகும் என்று விளக்கம் வேறு கொடுப்பார். அந்தப் பொடி எழுத்தையெல்லாம் நிரப்பி நிரப்பி, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்காவுக்கு இருநூற்றாறு எலும்பும் மனப்பாடம்.

இந்த அக்கிரமத்தையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். முரடர்கள் என்று நினைத்தால் தப்பு. வாசகர் கடிதங்களைப் பிரிக்கிறவளும் அவள்தான், அவளைக் கேளுங்கள். முதியோர் இல்லத்து நர்ஸ், வருகைப் பதிவேட்டுக்குள் ஒளித்து வைத்துப் படிக்கும் பள்ளிக்கூட டீச்சர், கடைக்குக் கடை ஏறி இறங்கும் சோப்பு விற்பனைக்காரர். எல்லாம் வாயில்லாப் பூச்சிகள். வங்கிக் கவுன்டரில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: "இன்று மட்டும் பதினான்கு முறை மன்னிப்புக் கேட்டேன். ஒன்றுகூட என் தப்பு இல்லை. வீட்டுக்கு வந்து கல்நெஞ்சனைத் திறந்தேன். அவன் யாரிடமும் கேட்பதில்லை." அந்தக் கடிதத்தை அக்கா மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் அவனைப் பிடித்தது அதனால்தான். கோபம் வந்தால் அதை விழுங்கி விழுங்கியே நாற்பத்தாறு வயதானவள். தன்னால் முடியாததை ஒருவன் பக்கத்துக்குப் பக்கம் செய்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

இனி வீட்டுக்கு வருவோம். இரண்டாம் மாடி, வரிசையாக மூன்று அறை. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்கு ஆறு. அன்றைக்கு இடுப்பில் தூக்கி வைத்தவனை அவள் இறக்கவே இல்லை என்று வையுங்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி, அவன் நிலைக்கு வந்தபோது கேட்க ஆளில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். மாடி ஏற முடியாதவர்களின் பையை வாங்கிச் சுமப்பான், குழந்தைகளுக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டிக் கொடுப்பான். தங்கமான பையன் என்று அந்தக் கட்டடமே சொல்லும்.

அவனுக்கு ரத்தம் ஆகாது, அதை மறக்காமல் சொல்ல வேண்டும். "என்னக்கா இது, கையை உடைக்கறதும் காலை உடைக்கறதும்! நாலு பேர் வந்து போற வீட்ல இதை விரிச்சு வைக்கலாமா?" என்று அவள் தாள்களைக் கவிழ்த்து வைப்பான். அக்காவுக்கு வெட்கமாகிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். வாயாடி. வீட்டுக்குள் நுழைந்த மூன்றாம் நாளே அக்காவின் மேஜையில் கிடந்த தாள்களை எடுத்து ஒரே மூச்சில் படித்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் கேலிதான்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு எத்தனை பேரை உடைச்சார்?"

"ரெண்டு பேரை. ஒருத்தன் அரை உசிரா கிடக்கான்."

"பாவம், களைச்சுப் போயிருப்பாரு. டீ போடட்டுமா அவருக்கு?"

அந்த வீட்டில் யாரும் அக்காவோடு இப்படி விளையாடியதில்லை. ஒரு நாள் அவள் கண்ணைச் சுருக்கிப் பொடி எழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, கடைக்கு இழுத்துப் போய்க் கண் பரிசோதித்து, தன் கையாலேயே லென்ஸ் தேய்த்துக் கண்ணாடி போட்டுவிட்டாள். "இதுக்கப்புறமும் கண்ணைச் சுருக்கினீங்கன்னா பாருங்க." நாற்பத்து மூன்று வயதில் அக்காவுக்கு முதல் தோழி கிடைத்தாள். தம்பி பெண்டாட்டி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கல்யாணமாகி நாலாவது மாதம் ஒரு மாலை. அவள் கடையிலிருந்து அரை மணி தாமதமாக வந்தாள், அவ்வளவுதான் குற்றம். நடு அறையில் அக்கா மேஜையில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் குரல் முதலில் தாழ்ந்துதான் இருந்தது. பிறகு பளாரென்று ஒரு அறை. யாரோ கதவைச் சாத்தினார்கள் என்று அக்கா நினைக்கப் பார்த்தாள். இரண்டாவது விழுந்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. கை நீண்டு ரேடியோவைப் போட்டது. யாரோ பயிர்களுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

மறுநாள் காலை தம்பி பெண்டாட்டியின் காலடியில் உட்கார்ந்து அழுதான். "இனிமே கை நீட்டினா என்னை என்னன்னு கேளு. மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடு." அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோமே, அதைச் சொன்னவன் எவனோ, சத்தியமாக அடி வாங்கினவனாக இருக்க முடியாது. மூன்று வாரம் கழித்து அந்தக் கை மறுபடி நீண்டது. மறுநாள் மறுபடி அழுகை, மறுபடி மன்னிப்பு.

அக்கா என்ன செய்தாள் என்று கேளுங்கள். எழுதினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழ விழ, இந்தப் பக்கம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு கல்நெஞ்சனுக்குச் சத்தம் எழுதினாள். படத்தில் அடிபடுகிறவன் முகத்தைப் பார்த்து, "போடு, இன்னும் போடு" என்று பல்லைக் கடிப்பாள். அந்த முகத்தில் அவளுக்குத் தெரிந்தது யார் முகம் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்நெஞ்சன் சுவரை உடைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவான், நீளுகிற அந்தக் கையை முழங்கையில் பிடிப்பான், தட்டினாலும் விடமாட்டான். பக்கம் முடியும்போது அவள் கோபமும் முடிந்திருக்கும். கை கழுவிவிட்டு டீ போடப் போவாள். பாவி, உள்ளே இருந்ததையெல்லாம் காகிதத்தில் கொட்டிவிட்டு வெறும் ஆளாக எழுந்திருந்தாள்.

தம்பியிடம் வாய் திறக்க நினைக்காமல் இல்லை. ஒரு தடவை ஆரம்பித்தாள். "ஏம்ப்பா, அவ சின்னப் பொண்ணு..." என்பதற்குள் அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தான். அந்தப் பார்வைக்கே அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தான் வளர்த்தவனைப் பார்த்துத் தானே பயந்தாள். பயந்தபோதும் பாசம் போகவில்லை, அதுதான் கேவலம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தில் ஒரு முழுப்பக்கப் படம். கல்நெஞ்சன் ஒருவன் தலையைச் சுவரில் மோதுகிறான். அதற்குச் சத்தம் கிடைக்காமல் மூன்று நாளாகத் திண்டாடி, தாளை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். மாலை ஆறரை மணி. அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது, நாற்காலி ஒன்று நகர்ந்தது, பிறகு அந்தச் சத்தம் வந்தது. படார் இல்லை, மடார் இல்லை. கனமாக, ஈரமாக, பாதியில் நின்றுபோன சத்தம். தூரிகை தானாக எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் எதை எழுதினோம் என்று கண்ணுக்கு உறைத்தது. அழித்தாளா? இல்லை. அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

"இந்தச் சத்தத்தை எங்கம்மா பிடிச்சீங்க? நான் படத்தைக்கூடப் பார்க்கல, எழுத்தைப் பார்த்தே உடம்பு சிலிர்த்துப் போச்சு" என்றார் ஆசிரியர். பிற்பாடு அச்சில் வந்ததும் வாசகர்களிடமிருந்து பதினோரு கடிதம் வேறு. அவர் மெச்சியதிலேயே இரண்டு நாள் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மூன்றாம் நாள் காலை தம்பி பெண்டாட்டி சீப்போடு வந்தாள். "அண்ணி, பின்னி விடறீங்களா? கையைத் தூக்க முடியல." பின்னும்போது மண்டையின் பின்பக்கம் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம் விரலில் தட்டியது. அக்கா பின்னி முடித்தாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தன் முகத்தில் தானே அறைந்துகொண்டாள்.

"என்னாச்சு அண்ணி, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"தூசி."

அந்தப் பெண் அதை நம்பினாள். அண்ணி அப்பாவி, ரேடியோவைப் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது என்பது அவள் எண்ணம். தெரிய வேண்டாம் என்றுகூட நினைத்தாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளுக்குத் தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று, அடி வாங்கினவள் அடிபடாதவளுக்காக முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

போன வருஷம் அவள் தோள் மூட்டு இறங்கிவிட்டது. கையை முறுக்கியிருக்கிறான். அறையை விட்டு ஓடி வந்து, வெளியே மாடிப்படியில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் அடங்கிய பிறகு அக்கா கதவைத் திறந்தாள். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தோளைத் தொட்டுப் பார்த்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவள் வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. தம்பி தரையைப் பார்த்தான். டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். அந்த இடம் காலியாகக் கிடந்ததை அக்காவால் தாங்க முடியவில்லை. அளவாக, கச்சிதமாக, அதில் அடங்குகிற மாதிரி ஒன்றைச் சொன்னாள்:

"படியில விழுந்துட்டா."

டாக்டர் எழுதிக்கொண்டார். தம்பி தலையாட்டினான். வேலிக்கு ஓணான் சாட்சி. அண்ணி தன்னைப் படியில் பார்த்ததால் அப்படி நினைத்துக்கொண்டாள் என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். என்ன காரணம் என்று யாருக்கும் தெரியாது, காரணம் வேண்டியதும் இல்லை. லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் முழ நீள ஸ்பேனர் அவர்கள் அறையில் மேஜை மேல் கிடந்திருக்கிறது. அக்கா ரேடியோவைப் போட்டாள். பிறகு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அதை நிறுத்தினாள். எழுந்து போய்த் தன் அறைக் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திற, திறடி, என்று தன்னையே கெஞ்சினாள். தாழ்ப்பாள் நகரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எலும்பு போன சத்தம் கேட்டது. எந்த எலும்பு என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. அப்போதும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

தம்பி வந்து கதவைத் தட்டினான். வியர்த்திருந்தான். "அக்கா, கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகணும். படியில விழுந்துட்டா" என்றான்.

அவள் சொன்ன அதே சொல். அட்சரம் பிசகவில்லை.

இந்தத் தடவை எலும்பு டாக்டர் ஒரு இளம் பெண். பழைய கோப்பைப் புரட்டினார். தம்பி பெண்டாட்டியைக் கட்டுப் போட உள்ளே அனுப்பிவிட்டு, தம்பியை மருந்து வாங்கி வரச் சொன்னார். பிறகு எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"போன தடவை படின்னு சொன்னது நீங்கதானா? பேஷன்ட்டோட நாத்தனார்னு எழுதியிருக்கு."

"ஆமாங்க."

"இப்பவும் படின்னுதான் சொல்றீங்களா?"

அக்கா படத்தைப் பார்த்தாள். முன்கை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நட்டநடுவில், குறுக்காக. பக்கத்து எலும்புக்கு ஒன்றும் இல்லை, மணிக்கட்டுக்கும் ஒன்றும் இல்லை. இதே படத்துக்கு ஒன்பதாம் பாகத்தில் அவளே பொடி எழுத்துப் போட்டிருக்கிறாள்.

"விழறவ கையை ஊனுவா, டாக்டர். மணிக்கட்டு போகும். இது ஊனின கை இல்ல. முகத்துக்கு நேரா இப்படித் தூக்கித் தடுத்த கை." தன் கையைத் தூக்கியே காட்டினாள். "என் தம்பி அடிச்சிருக்கான்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"சண்டைப் புத்தகத்துக்கு எழுத்துப் போடறேங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

அக்காவுக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சொல்லிவிட்டோம், முடிந்தது என்று நினைத்தாள். எலும்பைச் சாட்சிக்கு அனுப்பிவிட்டுத் தான் பின்னால் ஒளிந்துகொண்டது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வந்த பெண் காவலர் காலையிலிருந்து நின்றே களைத்தவர் என்று முகமே சொன்னது. வார்டில் அந்தப் பெண் மாவுக் கட்டோடு படுத்திருந்தாள். பக்கத்தில் அக்கா. அந்தப் பெண்ணின் நல்ல கை அக்காவின் கைக்குள் இருந்தது. மருந்துப் பையோடு திரும்பி வந்த தம்பி காவலரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். பிறகு அந்தத் தங்கமான சிரிப்பைச் சிரித்தான்.

"அக்கா சொன்னாளா? மேடம், அவ பாவம். இருபது வருஷமா கையை உடைக்கற, தலையை உடைக்கற புத்தகத்துலயே கிடக்கறா. எதைப் பார்த்தாலும் அவளுக்கு அடிதடியாத்தான் தெரியும். நானும் எவ்வளவோ சொல்லிட்டேன், விடுக்கா இந்த வேலையைன்னு. கட்டடத்துல யாரை வேணா கேளுங்க என்னைப் பத்தி."

காவலர் அவனை வெளியே நிற்கச் சொன்னார். அவன் போகிற போக்கில் அக்காவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். நோட்டைத் திறந்து காவலர் கட்டிலுக்கு அருகே வந்தார்.

"நீ சொல்லும்மா."

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். கண்ணீர் கண்ணோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

"நீ சொல்லாம நான் ஒண்ணும் எழுத முடியாது. இன்னைக்குச் சாயந்தரம் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவரோடதான் போவே." பிறகு அக்காவிடம் திரும்பினார். "எலும்பைப் பார்த்துச் சொல்றது டாக்டரோட வேலைம்மா. நீங்க அந்த வீட்லயே இருக்கறவங்க. நீங்க பார்த்தீங்களா? கேட்டீங்களா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்களை விட்டுடுங்க. ரேடியோ போட்டுக்கிட்டு வேலை பார்ப்பாங்க, ஒண்ணும் கேட்காது. தெரிஞ்சிருந்தா என்னை விட்டிருக்க மாட்டாங்க."

"என்ன தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார் காவலர்.

அந்தப் பெண் அக்காவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்த ஆஸ்பத்திரியில், அந்த ஊரில், அவளுக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு கைதான்.

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் இந்தப் பெண் சாகிற வரை தன்னை நேசிப்பாள். அந்தச் சாவு ரொம்ப தூரத்தில் இருக்காது. கேட்டேன் என்று சொன்னால் இவள் பிழைப்பாள், தன்னை மட்டும் மன்னிக்க மாட்டாள். கதவுக்கு வெளியே நிற்கிற, தான் வளர்த்த பிள்ளையும் போய்விடுவான். அந்த நேரத்தில் கல்நெஞ்சன் அவள் நினைவுக்கே வரவில்லை. நெஞ்சு முழுக்கப் பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தோடே பேசினாள்.

"கேட்டேன்."

"இன்னைக்கா?"

"இன்னைக்கும். கல்யாணமாகி நாலாவது மாசத்துலேர்ந்து. ஒண்ணு விடாம கேட்டேன். பக்கத்து ரூம்லதான் இருந்தேன். கேட்டதுனாலதான் ரேடியோவே போட்டேன்."

காவலரின் பேனா ஓடியது. கட்டிலில் அந்தப் பெண் தலையைத் திருப்பி, தான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"எல்லாமேவா அண்ணி?"

"எல்லாமே."

"தோள் இறங்கினதே, அன்னைக்கும்?"

"அன்னைக்கும்." இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. "நீ ரெண்டு தடவை 'அண்ணி, வாங்க'ன்னு கூப்பிட்டே. அதுவும் கேட்டுச்சு."

அந்தப் பெண் தன் நல்ல கையை அக்காவின் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள், மாவுக் கட்டு இடித்தது, முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க மேடம்" என்று கண்ணை மூடியபடியே சொன்னாள். "அவங்க சொல்றது எல்லாம் நிஜம்."

காவலர் நோட்டில் பக்கம் திருப்பினார். "முதல் தடவை எப்பன்னு சொன்னீங்க? தேதி ஞாபகம் இருக்கா?"

அக்கா சொன்னாள். அதற்கடுத்ததையும் சொன்னாள்.